தேதி போட்டு எழுதிய அக்கா

அந்த அக்கா எழுதியதைப் படித்துவிட்டு யாராவது "கண்ணுல தண்ணி வந்துருச்சுக்கா" என்று சொன்னால் அவருக்கு முகம் சுண்டிப்போகும். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "அப்ப இது தேறாது தம்பி. வேற எழுதுறேன்" என்பார். முதல் தடவை இதைப் பார்த்தபோது திமிர் என்றுதான் நினைத்தேன். பாராட்டினால் சந்தோஷப்படத் தெரியாத ஆளோடு எப்படிக் காலந்தள்ளப் போகிறோம் என்று இருந்தது.

மதுரை கோச்சடையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அறக்கட்டளை. பெரிய வைத்தியத்துக்கு வழியில்லாத குடும்பங்களுக்காக ஊரிடம் கைநீட்டுவதுதான் எங்கள் வேலை. நோயாளியின் படம், நாலு வரி, பணம் அனுப்ப ஒரு கியூஆர் கோடு, இவ்வளவும் சேர்ந்தது ஒரு கார்டு. அதை வாட்ஸப்பில் விடுவோம். படத்தை ஒழுங்குபண்ணிக் கார்டாக ஆக்குவது நான். வரிகள் அக்காவுடையவை. அதற்கு முன்னால் நான் விளாங்குடியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் கிடந்தவன். மதுரையில் பிறந்தாலும் ஃபிளெக்ஸ், செத்தாலும் ஃபிளெக்ஸ். சிங்கத்துக்குப் பக்கத்தில் சிரிக்கிற மாமன்களை ஒட்டி ஒட்டியே கண் கெட்டுப்போனது. அதனால் வார்த்தை எழுதுகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. 'பாசமிகு', 'நேசமிகு' என்று இரண்டு மிகுவைத் தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது என்பது என் அனுபவம்.

அக்கா எழுதி முடித்ததும் கீழே டீக்கடைக்கு இறங்குவார். நானும் கூடப் போக வேண்டும். அங்கே நிற்கிறவர்களில் ஒருவரைப் பிடித்து, "அண்ணே, யாரோ அனுப்பிருக்காங்க, கேளுங்க" என்று போனில் இருப்பதைப் படித்துக் காட்டுவார். தான் எழுதியது என்று சொல்ல மாட்டார். நான் கேட்கிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்பி மாடி ஏறும்போது திட்டு விழும்.

"மூஞ்சிய ஏன் பாக்குற? கையப் பாரு. அழுதுட்டா அவங்களுக்குக் குடுத்த மாதிரி ஆயிரும் தம்பி. மனசு லேசாயிரும், எந்திரிச்சுப் போயிருவாங்க. கை சட்டப்பைக்குப் போகுதா, அத மட்டும் பாரு."

ஒரு நாள் ஒரு பஸ் கண்டக்டர் மாட்டினார். அன்றைய கார்டின் முடிவு இப்படி இருந்தது: 'இதைப் பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தால் இறங்குவதற்குள் அனுப்பிவிடுங்கள். இறங்கியதும் உங்களுக்கு வேறு வேலை வந்துவிடும்.' கண்டக்டர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. டீ கிளாஸை மட்டும் கீழே வைத்துவிட்டு, "எந்த நம்பருக்கும்மா?" என்று கேட்டார். அக்கா அன்றைக்கு எனக்கும் சேர்த்து வடை வாங்கினார்.

செயலாளர் சாருக்கும் அவருக்கும் வாரம் ஒரு சண்டை. சார் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 'கருணை உள்ளம் கொண்டோரே, தாராளமாக உதவிடுவீர்' என்று ஆரம்பித்தால்தான் அவருக்குத் தமிழ் எழுதிய திருப்தி வரும். அக்கா அந்த வரியை அடித்துவிடுவார். "தாராளம்னா எம்புட்டு சார்? படிக்கிறவனுக்குத் தெரிய வேணாமா? தெரியலேன்னா அவன் பேசாம இருந்துருவான். மனுசனுக்கு இரக்கம் இல்லாம இல்ல, எங்க கைய வைக்கிறதுன்னு தெரியாமதான் நிக்கிறான்." சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விடுவார். கடைசியில் ஜெயிப்பது அக்காதான். அவர் எழுதினால் பணம் வந்தது, அதுதான் காரணம்.

குடும்பத்தாரிடம் பேசப் போகும்போது நோயைப் பற்றி அவர் கேட்கவே மாட்டார். அது டாக்டர் சீட்டில் இருக்கிறது என்பார். அவர் கேட்பது ஒரே கேள்விதான். "இந்தச் சீக்கு வந்ததால வீட்டுல எந்த வேல பாதியில நிக்குது?"

எல்லோரும் விழிப்பார்கள். சிறுநீரகம் கெட்டுப்போன ஒரு கொத்தனாரின் மனைவி வெகுநேரம் யோசித்துவிட்டு, "எங்க வீட்டுக்கு மாடிப்படி கட்டிக்கிட்டு இருந்தாரு. பாதியில நிக்குது" என்றார். அக்காவுக்கு அது போதும். கார்டில் கொத்தனாரின் முகமே இல்லை. அந்தரத்தில் போய் நிற்கிற அந்தப் படியைத்தான் படமெடுத்து வரச் சொன்னார். கீழே, 'மீதிப் படியை இவரே கட்டி முடிக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு செங்கல் எடுத்துக் கொடுங்கள். ஒரு செங்கல் நூறு ரூபாய்' என்று எழுதினார். முகம் இல்லாத கார்டுக்கு எவன் பணம் போடுவான் என்று நான் கத்தினேன். போட்டார்கள். கொத்தனார் இன்றைக்கும் நடமாடிக்கொண்டிருக்கிறார்.

"பாவம் பாத்து குடுக்குறவன் ஒரு தடவயோட சரி" என்று அக்கா விளக்கம் சொன்னார். "பாதியில நிக்கிறதப் பாத்தா எவனுக்கும் கை சும்மா இருக்காது. காலண்டர் கோணலாத் தொங்குனா நீ நேராக்காமப் போவியா?"

வெள்ளிக்கிழமை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தேதி இல்லாமல் எதையும் கேட்கக் கூடாதாம். தேதி இல்லாவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடி வைத்துவிடுவார்கள், அதோடு அந்த நோயாளி கதை முடிந்தது என்றார். அவர் எழுதிய எல்லாக் கார்டிலும் ஒரு கிழமையோ தேதியோ இருக்கும்.

எழுத்தில் மட்டும் இந்தக் குணம் இருந்திருந்தால் பரவாயில்லை. பேச்சிலும் அப்படித்தான். 'பார்ப்போம்', 'எல்லாம் சரியாயிரும்' போன்ற வார்த்தைகள் அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. வீட்டில் அவர் சௌராஷ்டிரம் பேசுவார். மத்தியானம் அம்மாவிடம் போனில் பேசும்போது எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் போனை வைக்கும் முன் குரல் சற்று இறங்கி அழுத்தமாக ஒன்று சொல்லும். அம்மா ஏதோ செய்தாக வேண்டும், இத்தனை மணிக்குள் செய்தாக வேண்டும் என்பது மட்டும் எங்கள் எல்லோருக்கும் விளங்கிவிடும்.

என் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, பயப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாகும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா வந்தார். பழம் எதுவும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "ஐயா, செவ்வாக்கிழம காலையில எந்திரிச்சு இந்த வராண்டா முனை வரைக்கும் நடக்கணும். ஆறு மணிக்கு நான் போன் பண்ணுவேன்" என்றார். சொன்னபடி பண்ணினார். எவன் சொல்லையும் கேட்காத என் அப்பா, "அந்தப் பிள்ள போன் பண்ணிரும்டா" என்று முனகிக்கொண்டே எழுந்து நடந்தார். அக்கா ஒரு நாளைச் சொல்லிவிட்டால் அந்த நாள் வந்தே தீரும் என்று நம்பத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த வறட்டுக் குரலை நான் நேசிக்க ஆரம்பித்தது அந்தச் செவ்வாய்க்கிழமையில்தான்.

அவருக்கு ஒரு தம்பி இருந்ததும் செத்ததும் எனக்கு வெகுகாலம் தெரியாது. ஒரு முறை ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, கேட்காமலே சொன்னார். "எங்க தெருவே அழுதுச்சு தம்பி. 'இயன்றதைச் செய்வீர்'னு போஸ்டர் அடிச்சு ஒட்டுனாங்க. எது இயன்றது, யார்கிட்ட குடுக்கணும், எப்பக் குடுக்கணும், ஒருத்தருக்கும் தெரியல. நின்னு படிச்சாங்க, அழுதாங்க, போயிட்டாங்க. அதுல கெட்டவங்க ஒருத்தர் கூட இல்ல." ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த ஸ்டாப்பு. பைய எடு" என்றார். நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது அவர் எழுதுவதில்லை. ஒரு பாத்திரக்கடையில் பில் போடுகிறார். குக்கர் வாங்கப் போனவன் அவரைப் பார்த்துத் திடுக்கிட்டேன். என்னைக் கண்டதும் சிரித்தார், அப்பாவை விசாரித்தார். அவர் காபி குடிக்க எழுந்து போன நேரத்தில் கடைக்காரர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "எழுத்து முத்து முத்தா இருக்குண்ணே. தள்ளுபடி போர்டு ஒண்ணு எழுதுங்க, கடைசித் தேதி போட்டுருங்கன்னேன். தேதிய நீங்களே போட்டுக்கங்கன்னு அந்த எடத்த மட்டும் வெத்தா விட்டுக் குடுக்குறாக. என்னான்னே புரியல." எனக்குப் புரிந்தது. குக்கரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பரவை ஊர்ப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறேன் என்பது எனக்கே தெரிகிறது.

ஐந்து வயதுப் பெண்பிள்ளை, ரத்தத்தில் புற்றுநோய். அப்பாவுக்குப் பரவைக்கு வெளியே கொஞ்சம் நிலம். காய்கறி போட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறவர். ஒரு தனியார் ஆஸ்பத்திரி வராண்டாவில் அவர்களைப் பார்த்தோம். அப்பாவும் பிள்ளையின் தாய்மாமனும் ஒரே டிபன் பாக்ஸில் கை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா கொஞ்சம் தள்ளிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். அப்பா, "வெண்டக்கா பறிக்க ஆளில்லாம முத்திக் கெடக்கு" என்றார். அக்கா தலையாட்டிக்கொண்டார், ஆனால் எழுதவில்லை.

மாமன்தான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மெதுவாகச் சொன்னார். "பிள்ளைக்கு இன்னும் காது குத்தலங்க."

"அஞ்சு வயசாச்சே, ஏன்?"

"எனக்கும் மச்சானுக்கும் பேச்சு இல்ல. கெணத்துத் தண்ணித் தகராறு. மாமன் மடி இல்லாம எப்பிடிக் காது குத்துறது? அப்பிடியே கெடந்துருச்சு. இந்தப் பிள்ள படுத்தப் பெறகுதான் பேசிக்கிறோம்."

அக்காவின் முகம் மாறியதைப் பார்த்தேன். நேராக டாக்டரிடம் போனார். எல்லாம் நல்லபடியாகப் போனால் ஆவணிக்குள் முதல் கட்டம் முடித்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்னார். 'நல்லபடியாகப் போனால்' என்பதை அழுத்தித்தான் சொன்னார். அக்கா காலண்டரைப் பார்த்து ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டு வராண்டாவுக்கு வந்தார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"தேதி வேணாமேம்மா. மனசு ஒரு மாதிரியா இருக்கு."

"தேதி இல்லேன்னா யாரும் அசைய மாட்டாங்கண்ணே. உங்களுக்குப் பணம் இப்ப வேணும்."

சுவரோரம் இருந்த அம்மா அப்போதுதான் தலையை நிமிர்த்தி, "என்னைக்கு?" என்று கேட்டார். அக்கா சொன்னார். அவர் விரலை மடக்கி நாளை எண்ணிக்கொண்டார்.

அந்தக் கார்டை அக்கா அழைப்பிதழாகவே எழுதினார். மஞ்சள் பட்டையும் பிள்ளையார் சுழியும் வைத்து நான் செய்தேன். பிள்ளை நோயில் படுக்கும் முன் எடுத்த படம். வாசகம் இதுதான்:

'காதணி விழா அழைப்பு. எங்கள் மகளுக்கு வயது ஐந்து. மாமனும் அப்பனும் பேசாமல் இருந்ததால் உட்கார மடியின்றிக் காது குத்தாமல் நின்றுபோனது. இன்று அவள் ரத்தப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மாமனும் அப்பனும் வராண்டாவில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறார்கள். மடி தயாராக இருக்கிறது. ஆவணி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, பரவையில் எங்கள் வீட்டில் விழா. அன்றைக்கு வந்து சாப்பிட்டுப் போங்கள். மொய்யை மட்டும் இன்றைக்கே எழுதிவிடுங்கள். அவளை வீட்டுக்கு அழைத்து வருவது அந்த மொய்தான்.'

டீக்கடையில் படித்துக் காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. "எல்லா வீட்டுலயும் பேசாத மாமன் ஒருத்தன் இருக்கான் தம்பி" என்றார் அக்கா. அதுவரை நாங்கள் செய்த எந்தக் கார்டும் அப்படிப் பறக்கவில்லை. யார் யாரோ, எங்கெங்கோ இருந்து அனுப்பினார்கள். பணத்தோடு ஊர்ப் பெயரையும் எழுதி, 'குடும்பத்தோடு வருகிறோம்' என்று சேர்த்திருந்தார்கள். செயலாளர் சார் எழுந்து வந்து அக்காவுக்குக் கை கொடுத்தார். வைத்தியம் தடங்கலில்லாமல் ஆரம்பித்தது.

ஆடி மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. கிருமி உள்ளே போய்விட்டது என்றார்கள். பணம் இருந்தது, மருந்து இருந்தது, எதற்கும் கேட்கவில்லை. ஆடி முடிவதற்குள் பிள்ளை போய்விட்டது.

அக்கா அன்றைக்கு அழவில்லை. மேஜையில் வந்து உட்கார்ந்தார். அந்தக் கார்டை ஊரிலிருந்து திரும்பக் கூப்பிட வேண்டும் என்று ஒரே பிடியாக இருந்தார். விழா இல்லை, பிள்ளை இல்லை என்று ஒரு கார்டு செய்தோம். அதன் முடிவில் என்ன கேட்பது என்பதில்தான் வந்தது வினை. 'யாரும் வர வேண்டாம்' என்று எழுதினார், அடித்தார். 'முந்தைய கார்டை அழித்துவிடுங்கள்' என்று எழுதினார். பிள்ளையின் முகத்தை அழிக்கச் சொல்வதா என்று அதையும் அடித்தார். மத்தியானம் வரை எழுதியதும் அடித்ததுமாக இருந்துவிட்டு, 'அழைப்பை அனுப்பிய எல்லோருக்கும் இதையும் இன்றே அனுப்பிவிடுங்கள்' என்று முடித்தார்.

போகவில்லை. பார்த்தவர்கள் ஒரு கும்பிடுகிற கை எமோஜியைப் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். செத்த சேதியை யாரும் அடுத்தவனுக்குத் தள்ளிவிட விரும்புவதில்லை. அழைப்பு மட்டும் புதுப்புதுக் குழுக்களில் போய்க்கொண்டே இருந்தது. என் சித்தப்பா வீட்டுக் குழுவுக்கே அந்த வாரம்தான் வந்தது, 'அவசியம் பகிரவும்' என்று யாரோ மேலே எழுதி. அக்காவிடம் காட்டினேன். நான் காட்டியிருக்க வேண்டியதில்லை. அவர் போனில் அது ஏற்கெனவே நாலு பக்கத்திலிருந்து வந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பரவை மெயின் ரோட்டில், அந்த வீட்டுக்குப் பிரிகிற பாதை முனையில் உள்ள பஸ் நிழற்குடையில் போய் நின்றோம். அக்கா, நான், பிள்ளையின் மாமன். வருகிறவர்களை அங்கேயே பார்த்துச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது அக்காவின் ஏற்பாடு. யாரும் வர மாட்டார்கள் என்று நான் அவரிடம் பலமுறை சொல்லியிருந்தேன்.

முதலில் ஒரு பைக்கில் புருஷனும் பொண்டாட்டியும் வந்தார்கள். பிறகு ஒரு கார். பிறகு வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள், பட்டும் பூவுமாக. தாம்பாளங்களில் கவுனும் வளையலும் வாழைப்பழமும் பூந்தியும். வேனிலிருந்து முதலில் இறங்கிய பெண், பாதை கேட்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"எங்க அண்ணன் நாலு வருசமா எங்க வாசப்படி மிதிக்கல. இந்தப் பத்திரிக்கயப் பாத்துட்டுத்தான் வந்தாரு. இந்தா, கூடவே வந்துருக்காரு. அந்தப் பிள்ளயப் பாத்து ஒரு வளையலப் போட்டு விட்டுட்டுப் போகணும்னு ரெண்டு வீட்டாளுகளும் கெளம்பி வந்துட்டோம்."

அக்கா விஷயத்தைச் சொன்னார். சுருக்கமாக, சுற்றி வளைக்காமல் சொன்னார். "நீங்க இப்படியே திரும்பிப் போயிருங்கம்மா. அதுதான் நீங்க செய்ய வேண்டியது."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவருடைய அண்ணன் மெதுவாகத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "அதெப்பிடித்தா? காதுல விழுந்துருச்சே. இனி துட்டி கேக்காமத் திரும்புனா நல்லாவா இருக்கும்?"

துட்டி கேட்பது எங்கள் பக்கத்தில் தட்ட முடியாத காரியம். சாவுச் சேதி காதில் விழுந்துவிட்டால் அந்த வீட்டு வாசலை மிதித்து, பெற்றவளிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் போகக் கூடாது. மங்கலப் பொருளோடும் அங்கே போகக் கூடாது. அதனால் தாம்பாளங்களை நிழற்குடையின் சிமென்ட் பெஞ்சில் இறக்கி வைத்தார்கள். பெண்கள் தலைப்பூவை எடுத்து அவற்றின் மேலேயே போட்டார்கள். பிறகு பட்டுச்சேலையோடு, சத்தமில்லாமல், வரிசையாக அந்தப் பாதையில் நடந்தார்கள். பைக்கில் வந்தவர்களும் காரில் வந்தவர்களும் ஏற்கெனவே அப்படித்தான் போயிருந்தார்கள். அக்கா ஒவ்வொருவரையும் திரும்பிப் போகச் சொன்னார், ஒவ்வொருவரும் அந்த வீட்டுக்கே போனார்கள். அதற்குள் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் ரோட்டுக்குக் கேட்க ஆரம்பித்திருந்தது.

மாமன் தாங்க மாட்டாமல் சொன்னார். "அக்கா, செத்துருச்சுன்னு சொன்னா உள்ளதான் போவாக. தள்ளி வச்சிருக்கோம்னு சொல்லிருங்க. திரும்பிருவாக."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அக்கா அவரையே பார்த்தார்.

"தள்ளி வச்சிருக்கோம்னா, எந்தத் தேதிக்குன்னு கேப்பாங்கல்ல?"

மாமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

வெயில் ஏறியது. பெஞ்சில் இடம் போதாமல் தாம்பாளங்களைத் தரையிலும் வைத்திருந்தார்கள். அவற்றுக்கு நடுவில் அக்கா நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. அப்போது பிள்ளையின் அம்மா அந்தப் பாதையில் தனியாக நடந்து வந்தார். பழைய நைலக்ஸ் சேலை, அவிழ்ந்த கொண்டை. எங்களைத் தேடி வந்தவர் போலத் தெரியவில்லை. "வீட்டுல இருக்க முடியல. ஒரே கூட்டமா இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த ஒரு தாம்பாளத்தில் கவுன் மடிப்புக் கலைந்து கிடந்தது. அதை எடுத்து மடித்து வைத்தார்.

"தேதி போட்டது நீங்கதான?" என்று கேட்டார். அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆமாம்மா" என்றார் அக்கா.

"டாக்டரு எப்பக் கேட்டாலும் பாக்கலாம், பாக்கலாம்பாரு. நாளச் சொன்னது நீங்க ஒராளுதான். நான் அதையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். கடேசியில வீட்டுக்குப் போவோம், வீட்டுக்குப் போவோம்னு பிள்ள ஒரே அழுக. டாக்டருகளே, கூட்டிட்டுப் போறதுன்னா போங்கன்னு சொல்லிட்டாக. நாந்தான் விடல. ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் கொஞ்ச நாளுதான் இருக்கு, பொறுத்துக்கோத்தான்னு சொல்லிச் சொல்லியே அங்ஙனயே வச்சிருந்துட்டேன். வீட்டப் பாக்காமயே போயிருச்சு."

அக்கா அப்போதுதான் உட்கார்ந்தார். தரையில், தாம்பாளங்களுக்கு நடுவில். "நான் என்னம்மா செய்யணும்? சொல்லுங்க" என்று கேட்டார். அவர் அப்படி ஒருவரிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. பிள்ளையின் அம்மா சரிந்து கிடந்த வளையல்களை எடுத்துத் தாம்பாளத்தில் அடுக்கினார்.

ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. புதுச்சேலை கட்டிய இரண்டு பெண்கள் ஒரு பித்தளைத் தாம்பாளத்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு இறங்கி, எங்களைப் பார்த்து, "காதுகுத்து வீடு எங்கத்தா இருக்கு?" என்று கேட்டார்கள். அக்கா எழ முயன்றார், முடியவில்லை. நான் அவருக்குக் கை கொடுக்கக் குனிந்தேன். பிள்ளையின் அம்மாதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். துக்கத்துக்கு வருகிறவர்களை 'வாங்க' என்று கூப்பிடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது.

"நம்ம வீடுதான், வாங்க" என்று சொல்லி, அவர்களுக்கு முன்னால் நடந்தார்.